தேயிலை மலைக்குப் போன கடலடி விளக்குகள்

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது என் தோள்பையில் இரண்டு விளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பச்சைப்பிள்ளை கனம். சுங்க அதிகாரி ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற சுமைகூலிக்காரர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "இது என்னான்னு கேக்குறாரு."

"கடலுக்கு அடியில எரியிற லைட்டு. ரிப்பேருக்குக் கொண்டு வந்திருக்கேன்."

அதிகாரி குமிழைத் திருகினார். கூடமே வெளுத்துப்போனது. வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். "நன்றாகத்தானே எரிகிறது, இதில் என்ன ரிப்பேர்?" என்றார் அவர். அதற்குப் பிறகு மலேசியாவில் நான் பார்த்த ஒவ்வொருவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். விளக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் என்னைப் பொய்யனாக்கிவிட்டுப் பிரமாதமாக எரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் அத்தான், அதாவது அக்காள் புருஷன், தூத்துக்குடித் துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பலின் அடிவயிற்றில் எங்கே விரிசல், விசிறியில் யாருடைய வலை சுற்றியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். நான் மேலே தோணியில் உட்கார்ந்து அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். முத்துக்குளித்த காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் கயிறு பிடிப்பது மச்சானுடைய வேலை. கூடப்பிறந்தவள் தாலி அறுக்கச் சம்மதிக்கிற ஆள் இருக்க மாட்டான் என்பதுதான் காரணம்.

அந்த விளக்குகளைப் பினாங்குக் கடை ஒன்றின் மூலம் வரவழைத்தோம். ஐரோப்பாவில் செய்தவை. அந்த விலைக்கு ஒரு வள்ளமே வாங்கியிருக்கலாம் என்று அக்காள் சொல்லாத நாள் கிடையாது. கரையில் எரியும், தோணியில் எரியும், தண்ணீரில் முக்கினாலும் எரியும். கப்பலின் அடிக்குப் போனதும் அணைந்துவிடும். மேலே வந்தால் மறுபடியும் எரியும். கடைக்கே தபாலில் அனுப்பினோம். சில மாதம் கழித்து, 'குறை ஏதும் இல்லை' என்ற பச்சை ஸ்டிக்கரோடு திரும்பி வந்தன.

ஸ்டிக்கரை நம்பி அத்தான் ஒரு சரக்குக் கப்பலுக்குக் கீழே போனார். முதல் விளக்கு அணைந்தது, பிறகு இடுப்பில் இருந்த இரண்டாவதும் அணைந்தது. கயிறு சுக்கானில் மாட்டிக்கொண்டது. நான் இழுக்கிறேன், வரவில்லை. இருட்டில் கப்பலின் அடியைத் தடவித் தடவியே அத்தான் கயிற்றை விடுவித்துக்கொண்டு மேலே வந்தார். கப்பலின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பி கிழித்து இரண்டு உள்ளங்கையும் ரத்தமாக இருந்தன. அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அக்காள் என்னிடம் சொன்னாள்:

"அந்த ஸ்டிக்கர் ஒட்டுனவன் கையில நேரா கொண்டு குடு. அவிஞ்சு போறத அவன் கண்ணால பாக்கணும். அவன் பாத்த பொறவுதான் இவுக கடல்ல எறங்கணும்."

அத்தான் தலையாட்டினார். அவர் தலையாட்டல் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். நல்ல கப்பல் ஒன்று வந்து நின்றால் அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டாவது இறங்கிவிடுவார்.

பினாங்குக் கடை பளபளவென்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் விளக்கின் தம்பி தங்கைகள் வரிசையாக நின்றன. கல்லாவில் இருந்த சீன அம்மாள் என் பையைப் பார்த்ததும், "சர்வீஸ் டிபார்ட்மெண்ட் லீவில் இருக்கிறது" என்றார். எட்டிப் பார்த்தேன். சர்வீஸ் டிபார்ட்மெண்ட் என்பது ஒரு நாற்காலி. அதில் உட்கார வேண்டிய வேலாயுதம் என்பவர், மனைவியின் பிரசவத்துக்காகக் கேமரன் மலையில் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எப்போது வருவார்?"

"பிள்ளை எப்போது பிறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மாள். நியாயம்தான்.

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் விளக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் வளைந்தது. நேராகப் போக வேண்டிய இடத்திலும் பழக்க தோஷத்தால் வளைந்தது. கடலில் எந்த அலைக்கும் அசையாத என் குடல் காட்டுப் பாதையில் கழுத்துவரை வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவர் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை என் வாயில் திணித்தார். குடல் இறங்கிக்கொண்டது. ஆனால் குளிர் ஏறியது. எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி மாதம் மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். தானா ராத்தாவில் இறங்கியபோது துண்டைத் தலையில் கட்டி, வேட்டியைப் போர்த்தி, கால்சட்டையோடு நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றுலாக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக் கடை. மாவை வீசி வீசித் துணிபோல விரித்துச் சுட்ட ரொட்டியும் நெத்திலி சம்பலும் வந்தன. நெத்திலியிடமிருந்து தப்பிக் கடல் கடந்து மலை ஏறி வந்தால், அது எனக்கு முன்னால் வந்து தட்டில் காத்திருக்கிறது. கடைக்காரர் என் பேச்சைக் கேட்டு, "ஊர்லேர்ந்தா வர்றீங்க?" என்றார். அங்கே இந்தியா முழுவதற்கும் 'ஊர்' என்றுதான் பேர்.

"தூத்துக்குடி."

"அது திருச்சிக்குப் பக்கத்துலயா? எங்க தாத்தா ஊரு திருச்சிக்குப் பக்கத்துல."

"கொஞ்சம் தள்ளி" என்றேன். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கடல் லைட்டுக்கு மலையில ரிப்பேரா? ஒங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க லா." பேச்சின் முடிவில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம். ஏமாந்தவனிடம் காசு வாங்கக்கூடாது என்று தேநீருக்கு விலை போடாமல், மாமனாரின் தோட்டம் இருந்த கோலா தெர்லாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலி லோரி ஒன்றில் ஏற்றியும் விட்டார்.

லோரி என்னைத் தேயிலைத் தோட்டத்து முகப்பில் இறக்கியது. வேலாயுதத்தின் மாமனார் அந்தத் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தாண்டி மேட்டில் அவருடைய வீடு. வாசலில் கட்டை பிளந்துகொண்டிருந்தவர்தான் வேலாயுதம். முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர். பையிலிருந்து விளக்கை நான் எடுத்ததும் கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என்னை விட்டுவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டார்.

"வாங்கண்ணே, வாங்க. மாமியா வீட்டுல மாப்பிளைக்கு மரியாத மொத வாரத்துக்குத்தான் லா. பிள்ள பொறந்ததுலேர்ந்து வெறகும் வெந்நித் தண்ணியுமாத்தான் போவுது. வேல கொண்டாந்தீங்களே, நல்லா இருப்பீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி மல்லிகா குழந்தையோடு எட்டிப் பார்த்தார். "பெனாங்குலேர்ந்து இங்க வரைக்கும் தேடி வந்துட்டாங்களா?" என்று கேட்டவருடைய குரலில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது.

வேலாயுதம் விளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். கண்ணாடி எவ்வளவு தடிப்பு, ரப்பர் வளையம் எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிக்கொண்டே வாசலில் இருந்த தண்ணீர்த் தோம்புக்குள் இரண்டையும் எரியவிட்டு இறக்கினார். தோம்பு என்றால் பெரிய இரும்பு டிரம். லயமே வந்து சுற்றி நின்றது. தண்ணீர் நிலாவைக் கரைத்து ஊற்றியது போல ஒளிர்ந்தது. வெகுநேரம் எரிந்தது. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிராணி ஐயா மட்டும் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி லேசா சுடுதே மாப்ள. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா நான் குளிச்சிருவேன்."

வேலாயுதம் வெற்றியோடு என்னைப் பார்த்தார். "கொற ஒண்ணும் இல்லண்ணே."

"ஆழத்துக்குப் போனாத்தான் அவியும்."

"கஸ்டமருங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. கீழ போனா அவியுது, மேல வந்தா எரியுது. நான் மேலதான இருக்கேன்? எனக்கு எரியுது."

"நீங்க கீழ போய்ப் பாத்ததுண்டா?"

"நான் சர்வீஸ்ணே. டைவிங் இல்ல."

அத்தானின் உள்ளங்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் பேட்டரியை ஒழுங்காகச் சார்ஜ் செய்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. குரல் உயர்ந்தது. அவர் குரலும் உயர்ந்தது. குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் விட உயர்ந்த குரலில் அழுதது.

கிராணி ஐயா தீர்ப்புச் சொன்னார். "ரிங்லட்டுல அணக்கட்டு ஏரி இருக்கு. ஆழம் வேணும்கிற அளவு இருக்கும். நாளைக்கு அங்க போயி அடிச்சுக்குங்க. இங்க பிள்ள தூங்கணும்."

மறுநாள் காலையில் முட்டைக்கோஸ் லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டோம். முன்னால் இடமில்லை என்று கோஸ் மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டார்கள். கியா பார்ம் கடைகளுக்கு முன்னால் டயர் ஒன்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. டிரைவர் சக்கரம் மாற்றும் நேரத்தில் ஸ்ட்ராபெரி வாங்கினேன். படத்தில் பார்த்துப் பல வருடமாக ஆசைப்பட்ட பழம். முதல் கடியில் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. நெல்லிக்காயாவது தண்ணீர் குடித்தால் இனிக்கும். "சீனி தொட்டுச் சாப்பிடணும்ணே" என்றார் வேலாயுதம், நான் மூன்றாவதையும் விழுங்கிய பிறகு.

ஏரி பச்சையும் காவியுமாகக் கிடந்தது. மழை கரைத்து விட்ட மண். பாக் மாட் என்ற மலாய் மீனவரிடம் வேலாயுதம் பேசி, அவருடைய சம்பானில், அதாவது சின்னப் படகில், எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். ஏரியின் நடுப்பக்கம் போய் நிறுத்தினோம். விளக்கை எரியவிட்டு, ஒரு கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கயிறு முழுக்க ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது இரு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்கும், முடிச்சுப் போட்டிருந்தேன். ஒரு பாகம் இறங்குவதற்குள் வெளிச்சம் மறைந்துவிட்டது.

"பாத்தீங்களா, அவிஞ்சுட்டு" என்றேன்.

"அவியலண்ணே. தண்ணி கலங்கலா இருக்கு, தெரியல."

நாலு பாகம் விட்டு மேலே இழுத்தேன். மேலே வந்த விளக்கு சூரியனுக்கே சவால் விட்டது. "எரியுதே" என்றார் அவர். மறுபடி இறக்கினேன். மறுபடி இழுத்தேன். பாக் மாட் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துவிட்டு மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். வேலாயுதம் சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: "இத வச்சு எந்த மீனும் மாட்டாதுன்றாரு."

"நான் கூடவே முங்கிப் பாக்குதேன்" என்றேன்.

"நீங்க பாத்தா? நீங்க கஸ்டமரு. அவிஞ்சுதுன்னுதான் சொல்லுவீங்க."

அப்படியானால் பார்க்க வேண்டிய ஆள் யார் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆற்றில் குதித்து வளர்ந்தவன்தான் என்று அவர் காலையில் லோரியில் பெருமை அடித்திருந்தார். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவரே சட்டையைக் கழற்றினார்.

காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், மேலே வர நினைத்தால் கயிற்றை ஒரு வெட்டு வெட்ட, அதாவது சுண்டி இழுக்க, வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கயிற்றை இடுப்பில் கட்டும்போதுதான் யார் கயிறு பிடிப்பது எங்கள் வழக்கம் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"எனக்கு மச்சானே இல்லண்ணே. மல்லிகா ஒத்தப் பொண்ணு."

"இன்னைக்கு நான்தான் மச்சான். எறங்குங்க."

கல்லைக் காலில் கட்டி, விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு முடிச்சாக என் விரல்களுக்குள் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது முடிச்சு தண்ணீரைத் தொட்டபோது கயிறு ஒரு வெட்டு அல்ல, கட்டிப்போட்ட கிடாய்போல உதறியது. கயிறு பிடிக்கிறவனுக்கு அந்த உதறலின் பாஷை தெரியும். காலைப் படகின் விளிம்பில் ஊன்றி இழுத்தேன். பாக் மாட்டும் துடுப்பைப் போட்டுவிட்டுச் சேர்ந்து இழுத்தார்.

வேலாயுதம் படகுக்குள் வந்து விழுந்தார். விளக்கு அவர் கையில் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அவர் உதடு நீலம். அவரைத் துண்டால் துடைத்தேன், வேட்டியால் போர்த்தினேன். பாக் மாட் பிளாஸ்கிலிருந்து பால் இல்லாத தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அக்காள் சொன்னது நடந்துவிட்டது, அணைந்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தபோது அத்தான் கைதான் ஞாபகம் வந்தது.

கரை சேர்ந்ததும் முதல் வார்த்தை பேசினார். "போன் பண்ணணும்."

"யாருக்கு?"

"ஈப்போ பக்கத்துல குட்டையில மெதந்துக்கிட்டு ஈயமண்ணு தோண்டுற கப்பல் இருக்கு. ஆ மெங்னு ஒருத்தன், அதுக்கு அடியில எறங்கி வேல செய்யிறவன். லீவுக்கு வர்றதுக்கு முன்னாடிதான் அவன் லைட்ட அவனுக்குத் திருப்பி அனுப்புனேன். பச்ச ஸ்டிக்கர் ஒட்டி."

தானா ராத்தாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதே எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஈரக் கால்சட்டையும் வேட்டிப் போர்வையுமாக ஒருவரும், போர்வையைப் பறிகொடுத்த நான் ஒருவனும் கைகாட்டினால் எந்த வண்டி நிற்கும்? கடைசியில் கோழி ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. அதே ரொட்டிக் கடையில் போன் இருந்தது. வேலாயுதம் எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் ஆபீஸ் ஆள் எடுத்தார். ஆ மெங் கீழே இறங்கியிருக்கிறார் என்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, தெரியாது, பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

கடைக்காரர் ரொட்டி கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை. வேலாயுதம் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அணைஞ்ச ஒடனே கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னே தெரியலண்ணே. எது மேல, எது கீழன்னு தெரியல. எனக்குக் கயித்துல நீங்க இருந்தீங்க. அவனுக்கு யாரு இருக்கான்னு நான் கேட்டதே இல்ல."

இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் ஆ மெங் மேலே வரவில்லை. மூன்றாம் முறை ஆ மெங்கின் குரலே வந்தது. எனக்கே கேட்கும் அளவுக்குப் பெரிய குரல். வேலாயுதம் சுவரில் சாய்ந்தார். அவர்கள் மலாயில் பேசினார்கள். இவர் பக்கம் பேச்சு குறைந்துகொண்டே போனது. கடைசியில் வெறும் தலையாட்டல்தான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுதாரு?"

"அந்த லைட்ட அவன் எறக்கவே இல்லயாம். வீட்டு முன்னால வச்சு ராத்திரி சீட்டாடுறானாம். நல்ல வெளிச்சம்ன்றான். தண்ணிக்குள்ளாற, சாதா டார்ச்ச பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, சைக்கிள் டியூப்பால கட்டி எடுத்துட்டுப் போறானாம்."

"அவிஞ்சு போகுதுன்னு ஒங்ககிட்ட ஏன் சொல்லலயாம்?"

"அதத்தான் கேட்டேன். மூணு தடவ சொன்னானாம். நான் மூணு தடவயும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புனேனாம்." சற்று நிறுத்திவிட்டு, "ஸ்டிக்கர் அழகா இருக்காம்" என்றார்.

ரொட்டிக் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். வேலாயுதம் சிரிக்க வெகுநேரம் ஆயிற்று. சிரித்தபோது கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆறிப்போன ரொட்டியை மூவரும் தின்று தீர்த்தோம். அதற்குப் பிறகு அவர் பினாங்குக் கடைக்கும் போன் செய்து, கண்ணாடிப் பெட்டியில் இருப்பதில் ஒன்றையும் விற்கக் கூடாது என்று சொன்னார். சீன அம்மாளின் பதிலை அவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மல்லிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கயித்த யாரு புடிச்சது?" என்னைக் காட்டினார் வேலாயுதம். அன்று இரவுச் சாப்பாட்டில் என் இலைக்கு மட்டும் இரண்டு முட்டை வந்தது.

அடுத்த நாளெல்லாம் அவர் விளக்குகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆழத்தில் தண்ணீர் நெருக்கும்போது முன்பக்கக் கண்ணாடி மூடி உள்ளே அமுங்குகிறது. அது தள்ளும்போது பேட்டரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளைத் தகடு மயிரிழை விலகுகிறது. மேலே வந்தால் மூடியும் தகடும் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. மாமனாரின் பழைய ரேடியோவிலிருந்து ஸ்பிரிங் எடுத்துத் தகட்டின் அடியில் வைத்தார். ரேடியோ போனதைப் பற்றிக் கிராணி ஐயா மலையளவு பேசினார். சிலோன் நிலையத்துக் குரல்கள் கேட்காத வீடு ஒரு வீடா என்றார். மாப்பிள்ளை காது கொடுக்காமல் ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தோம்புல போட்டுப் பாத்துறலாமா?" என்று நான் சும்மா கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் வைத்திருக்கிறேன்.

மீண்டும் ஏரி, மீண்டும் சம்பான். யார் இறங்குவது என்ற பேச்சே எழவில்லை. பாக் மாட் இந்தத் தடவை தேநீரை முன்னாலேயே ஊற்றி வைத்துவிட்டார். வேலாயுதம் கயிற்று முடிச்சைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். மூன்றாவது முடிச்சு போயிற்று. நாலாவதும் போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கீழே அவரும் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முடிச்சும் மெல்ல உள்ளே போனது. கயிறு உதறவில்லை. நின்றது. கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தது. மறுபடி நின்றது. என் நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் ஒழுங்கான, சொல்லிக் கொடுத்தபடியே ஒரு வெட்டு வந்தது.

மேலே வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே தொங்கினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவும் தோன்றாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எரிஞ்சுதா?" என்றேன்.

"அது கெடக்குதுண்ணே. மீனப் பாத்தேன்."

"மீனா?"

"இந்த லைட்ட இத்தன வருசமா பாக்குறேன். இத வச்சு ஒண்ணயும் பாத்ததே இல்ல. இம்மாம் பெருசு. வெளிச்சத்துக்கிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. கஸ்டமர் மாதிரியே இருந்துச்சு லா."

"என்ன சொல்லிச்சு?"

"தெரியல. கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் வந்தேன்."